வார்ப்புக் குண்டின் பி.சி. எண் குழப்பினால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தன் ரைஃபிளுக்குத் தானே குண்டு வார்ப்பது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. அந்தப் பழக்கம் முற்றும்போது ஒரு கேள்வி வந்து உட்காரும்: என்னிடம் இருக்கும் இரண்டு அச்சில் எது காற்றில் நன்றாகப் போகிற குண்டைத் தருகிறது? தட்டை மூக்கா, உருண்டை மூக்கா? சரி, சுட்டு அளந்து பார்த்துவிடலாம் என்று கிளம்புவோம். எண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணில் குண்டின் வடிவம் எவ்வளவு, நம் அளவெடுப்பின் கோளாறு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றால், தவறான அச்சை விற்றுவிட்டு உட்கார்ந்திருப்போம். நான் ஒன்றை விற்றிருக்கிறேன்.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. கணக்கு மட்டும் எல்லா ஊருக்கும் பொது.)

முதலில் இரண்டே அடிப்படைகள். குண்டு காற்றின் தடையை எவ்வளவு சமாளிக்கிறது என்பதைச் சொல்லும் எண் பாலிஸ்டிக் கெழு, சுருக்கமாக பி.சி. அதைப் பெற, குண்டின் எடையை கிரெய்னில் எடுத்து 7,000-ஆல் வகுத்து (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன்), அங்குலத்தில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். இது குறுக்குவெட்டு அடர்த்தி. அதை வடிவக் காரணியால் வகுத்தால் பி.சி. வடிவக் காரணி என்பது ஒரு மாதிரிக் குண்டோடு ஒப்பிட்டு நம் குண்டுக்கு எத்தனை மடங்கு தடை என்பது. வார்ப்புக் குண்டுக்காரர்கள் பெரும்பாலும் வைத்துக்கொள்ளும் மாதிரி ஜி1: தட்டையான அடி, விட்டத்தைப் போல இரண்டு மடங்கு ஆரத்தில் வளைந்து கூராகும் மூக்கு, 3.28 விட்டம் நீளம்.

அளக்கும் முறை: குழல்வாயிலிருந்து 15 அடியில் ஒரு குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி), அதிலிருந்து 300 அடி தள்ளி இன்னொன்று. ஒரே குண்டு இரண்டின் வழியாகவும் போக வேண்டும். இரண்டு வேகத்தையும் தூரத்தையும் கணக்கிடும் மென்பொருளில் போட்டால் பி.சி. வரும். எடுத்துக்காட்டாக 30 காலிபரில் 173 கிரெய்ன் தட்டை மூக்குக் குண்டை (லைமன் நிறுவனத்தின் 311041 எண் அச்சின் பெயரளவு எடை இது) எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது வினாடிக்கு 1,900 அடி, பி.சி. 0.25 என்றால், 100 கஜம் கழித்து ஏறத்தாழ 1,620 அடி வேகம் மிஞ்சும். இழப்பு 280. இந்த 280-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு கூடினால் பி.சி. கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும், இழப்பு குறைந்தால் கூடும். கீழே வருகிற நோய்களில் பெரும்பாலானவை இந்த 280-க்குள் யாரோ கை வைப்பதால் வருபவைதான்.

அறிகுறி: அதே குண்டு, அதே வெடிமருந்து, ஆனால் நாளுக்கு ஒரு பி.சி.

குண்டைச் சந்தேகிக்க வேண்டாம். குரோனோகிராஃபைப் பாருங்கள்.

நிழல் விழுவதை உணரும் சாதாரணக் கருவியில் இரண்டு உணரிகள் 2 அடி இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளி எட்டில் ஒரு அங்குலம் பிசகினால் பிழை அரை சதவீதம். 1,900-இல் அரை சதவீதம் என்பது 10 அடி. ஒரு கருவி 10 அடி கூட்டியும் மற்றது 10 அடி குறைத்தும் காட்டினால் உங்கள் 280 இழப்பு 300 ஆகிவிடும். பி.சி. 0.25-லிருந்து 0.233-க்கு இறங்கிவிடும். எதிர்த் திசையில் பிசகினால் 0.27-க்கு ஏறும். பெட்டியில் அரை சதவீதத் துல்லியம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நாம் மகிழ்ந்துபோகிறோம். வேகத்தில் அரை சதவீதம் என்பது வேக இழப்பில் ஏழு சதவீதமாக வந்து நிற்கும் என்று பெட்டியில் போடுவதில்லை.

மடக்குகிற வகைக் கருவிகளில் இது தினமும் நடக்கும். முழுதாக விரியாமல் ஒரு கீல் மட்டும் அரைகுறையாக நின்றால் போதும்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். அருகில் உள்ள கருவி வெட்டவெளியில், தூரத்தில் உள்ளது மரநிழலில் என்றால் இரண்டும் குண்டின் நிழலை வேறு வேறு கணத்தில் பிடிக்கும். மேகம் நகர்ந்தால் எண்ணும் நகரும்.

தீர்வு எளிது, ஆனால் சோம்பேறித்தனம் விடாது. தூரத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் இரண்டு கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒட்டி வைத்துப் பத்துக் குண்டு சுடுங்கள். இரண்டுக்கும் இடையே வரும் சராசரி வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 3 அடி இடைவெளியில் குண்டு உண்மையில் இழப்பது 3 அடி வேகம்தான், அதைக் கழித்துவிடலாம். மீதி எல்லாம் கருவிகளுக்குள் இருக்கும் சண்டை. அந்த எண்ணை அன்றைய எல்லா அளவுகளிலும் திருத்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் மாறினால் திரும்ப ஒரு முறை. இதைச் செய்யாமல் எடுத்த பி.சி. எண்ணை நான் இப்போது யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதில்லை.

குழலில் மாட்டும் காந்தக் கருவியோ டாப்ளர் ரேடாரோ இருந்தால் வெளிச்சப் பிரச்சினை போய்விடும். ரேடார் ஒன்றே பல தூரங்களில் வேகம் சொல்வதால் இரண்டு கருவிகளின் சண்டையும் இல்லை. பணம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

அறிகுறி: எல்லாக் குண்டுகளின் பி.சி.யும் ஒரே விகிதத்தில் கூடுதலாக வருகிறது

எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் காரணம் பொதுவானது. தூரம் அல்லது காற்று.

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். ரேஞ்சில் 100 கஜம் என்று பலகை இருக்கும். அது சுடும் மேசைக்கும் இலக்குக்கும் இடையே உள்ள தூரம். உங்கள் முதல் கருவி மேசைக்கு 5 கஜம் முன்னால், இரண்டாவது இலக்குக்கு 5 கஜம் இப்பால். ஆக, நடுவில் இருப்பது 90 கஜம். கணக்கில் 100 என்று போட்டால் பி.சி. 11 சதவீதம் உப்பிவிடும். ஒரு கருவியின் நடுப்புள்ளியிலிருந்து மற்றதன் நடுப்புள்ளிவரை நாடா பிடித்து அளக்க வேண்டும்.

காற்றின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. நான் சுடுவது டென்வர் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். என்னோடு படித்த நண்பர் ஹூஸ்டனில், கிட்டத்தட்ட கடல் மட்டத்தில். ஒரே பானை ஈயத்தில் நான் வார்த்த குண்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவருக்கு 0.25 வந்தது. எனக்கு 0.29. இரண்டு வாரம் தொலைபேசியில் சண்டை. என் கருவி சரியில்லை என்று அவர், உங்களுக்கு வார்ப்புக் குண்டு சுடத் தெரியவில்லை என்று நான்.

நியம வளிமண்டலக் கணக்கில் 5,280 அடி உயரத்துக் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம். தடை அதே அளவு குறைவு. திருத்தாமல் விட்டால் பி.சி. 17 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 0.25-ஐ 1.17-ஆல் பெருக்கினால் 0.29. இருவருமே சரியாகத்தான் சுட்டிருக்கிறோம்.

ஆனால் நான் காற்றழுத்தத்தைக் கணக்கில் போட்டிருந்தேனே? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கைபேசியின் வானிலைச் செயலி காட்டுகிற அழுத்தம் கடல் மட்டத்துக்கு மாற்றப்பட்ட அழுத்தம். டென்வரில் நின்றாலும் அது 30 அங்குலப் பாதரசத்தை ஒட்டித்தான் காட்டும். அங்கே நிஜமாக இருக்கிற அழுத்தம் 25 அங்குலத்துக்கும் கீழே. கணக்கிடும் மென்பொருள் கேட்பது அந்த இடத்து அழுத்தத்தை. செயலி எண்ணைப் போடுவதாக இருந்தால் உயரத்தையும் சேர்த்துக் கொடுத்து, இது கடல் மட்ட அழுத்தம் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். சிறிய கையடக்க அழுத்தமானி ஒன்று வாங்கி, அதன் உயரத் திருத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வெப்பமும் சும்மா இல்லை. 15 டிகிரி செல்சியஸிலிருந்து 35-க்குப் போனால் காற்று ஆறரை சதவீதம் லேசாகிவிடும். ஈரப்பதம் பற்றி மட்டும் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். புழுக்கமான நாளில் காற்று கனமாக இருப்பதுபோல நமக்குத் தோன்றும், உண்மையில் நீராவி கலந்த காற்று லேசு. 35 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருந்தாலும் அதனால் வரும் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள்தான்.

இன்னொரு சின்னப் பொறி. நியம வளிமண்டலம் என்பதே இரண்டு வகை. ஒன்று 29.92 அங்குலம், ஈரமற்ற காற்று. மற்றது பழைய அமெரிக்க ராணுவக் கணக்கு: 29.53 அங்குலம், 78 சதவீத ஈரம். இரண்டிலும் வெப்பம் 59 டிகிரி ஃபாரன்ஹீட்தான். ஒரே குண்டுக்கு இரண்டிலும் வரும் பி.சி. ஏறக்குறைய 2 சதவீதம் வேறுபடும். இருவர் எண்களை ஒப்பிடுவதானால் எந்த வளிமண்டலம் என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எண் நம்பமுடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

நம்பாதீர்கள். 173 கிரெய்ன், 0.308 அங்குல விட்டத்துக்குக் குறுக்குவெட்டு அடர்த்தி 0.26. உங்களுக்கு பி.சி. 0.30 வந்தால் வடிவக் காரணி 0.87. அதாவது ஒலியை விட வேகமாகப் போகும்போது, கூர்மூக்கு மாதிரிக் குண்டை விட உங்கள் தட்டை மூக்குக் குண்டுக்குக் காற்றுத் தடை குறைவு என்று ஆகிறது. மழுங்கிய மூக்கு கூர்மூக்கை ஜெயிக்காது. மேலே சொன்ன தூரத்தையும் அழுத்தத்தையும் திரும்பப் பாருங்கள்.

அறிகுறி: சில குண்டுகள் 280 இழக்கின்றன, சில 340

இதுதான் வார்ப்புக் குண்டுக்கே உரிய நோய். தொழிற்சாலையில் செம்பு உறை போட்டு வரும் குண்டில் இது அபூர்வம். பத்தில் ஏழு குண்டு அழகாக 275, 280, 284 என்று வரும், மூன்று மட்டும் 320, 340 என்று தடுக்கி விழும். 340 என்றால் பி.சி. 0.205-க்குக் கீழிறங்கிவிட்டது. சராசரி எடுத்து எழுதிவிட்டால் எந்தக் குண்டுக்கும் பொருந்தாத எண் கையில் இருக்கும்.

காரணம் தள்ளாட்டம். மூக்கிலிருந்து அடிவரை போகும் குண்டின் நடுக்கோடு, குண்டு போகிற திசையிலிருந்து சற்றுச் சாய்ந்து சுற்றினால், அந்தச் சாய்வுக் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை கூடும். சாய்வு இரட்டித்தால் கூடுதல் தடை நான்கு மடங்கு. ஆகவே மூக்கின் வடிவத்தை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு உண்மையில் எந்தக் குண்டு குறைவாகத் தள்ளாடுகிறது என்பதை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். உருண்டை மூக்கை விடத் தட்டை மூக்குக்கு பி.சி. அதிகம் என்று ஒருவர் சாதித்தால், நான் முதலில் கேட்பது அவர் குழலின் தொண்டையில், அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடத்தில், எந்தக் குண்டு இறுக்கமாக உட்கார்ந்தது என்பதைத்தான்.

எங்கே தேடுவது?

அடியில் ஆரம்பியுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் ஃபிராங்க்ளின் மான் என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன் பல வருடம் இதே வேலையாக இருந்தார். மூக்கை வேண்டுமென்றே சிதைத்தும், அடியைச் சிதைத்தும் ஈயக் குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். மூக்குச் சிதைந்த குண்டு பெரிதாகத் திசை மாறவில்லை. அடி ஒரு ஓரம் சிதைந்த குண்டுதான் எங்கோ போனது. குழல்வாயை விட்டு அடி வெளியேறும் அந்தக் கணத்தில், ஒரு ஓரத்தில் வாயு முந்திக்கொண்டு பீறினால் குண்டைத் தட்டிச் சாய்த்துவிடும். அதனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டியது அடியின் விளிம்பை. விளிம்பு உருண்டு போயிருந்தால் அச்சோ உலோகமோ சூடு போதவில்லை. அச்சின் மேல் மிஞ்சும் ஈயத்தை வெட்டும் வெட்டுத்தகட்டைச் சீக்கிரம் தட்டிவிட்டால் அடியின் நடுவில் குழி பிய்ந்துகொண்டு வரும். அதையும் தள்ளிவிடுங்கள்.

அடுத்து கேஸ் செக், அதாவது அடியில் மாட்டும் செம்புக் கிண்ணம். கோணலாக உட்கார்ந்தால் விளிம்பு உருண்டதைவிட மோசம். சில பழைய வகைக் கிண்ணங்கள் குண்டைக் கடித்துப் பிடிப்பதில்லை, சும்மா நழுவி உட்காரும். அவற்றில் சில பாதி வழியில் கழன்று விழும், சில கடைசிவரை போகும். கழன்ற குண்டும் கழலாத குண்டும் இரண்டு தனிக் குண்டுகள், இழப்பு எண்களும் இரண்டு கொத்தாகப் பிரியும். இடையில் எதுவும் இல்லாமல் இரண்டு கொத்தாக வந்தால் முதல் சந்தேகம் இதுதான். கழன்ற கிண்ணம் கருவியின் கண்ணாடியில் வந்து அடிக்கவும் செய்யும். என் முதல் கருவி அப்படித்தான் ஒரு கண்ணை இழந்தது.

பிறகு உள்ளே மறைந்திருக்கும் குமிழி. வெளியே கண்ணாடி போல இருக்கும், உள்ளே பொள்ளல். தராசு ஒன்றுதான் வழி. கணக்குப் போட்டால், 1 கிரெய்ன் எடை குறைந்த குண்டில் அந்தக் குறை முழுவதும் ஒரே குமிழியாக இருந்தால் அதன் குறுக்களவு 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டில் அது நடுக்கோட்டை விட்டு விலகி இருந்தால், வேகமாகச் சுற்றும்போது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது குண்டை எடை போட்டு வரிசைப்படுத்தினால் பெரும்பாலானவை அரை கிரெய்னுக்குள் குவியும். அந்தக் குவியலுக்குக் கீழே வால் போல நீளும் லேசான குண்டுகளைத் திரும்பப் பானையில் போடுங்கள். கனமானவை பற்றிக் கவலை குறைவு, ஆனால் அச்சின் இரு பாதிகளும் சரியாக மூடவில்லையோ என்று ஒரு பார்வை பார்க்கலாம். அப்படி என்றால் குண்டு வட்டமாக இருக்காது.

கடைசியாக அளவு. குண்டின் விட்டம் குழலின் பள்ள விட்டத்தைவிட (குழலுக்குள் குண்டைச் சுழற்றும் முறுக்குப் பள்ளங்களின் விட்டம்) அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. மூக்கு, குழலில் அந்தப் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டில் உரசிக்கொண்டு போகும் வகை அச்சுகளில் (லைமன் 311299 போல) மூக்கின் விட்டமும் பொருந்த வேண்டும். அது தளர்வாக இருந்தால், அடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் குண்டு குழலுக்குள் சாய்ந்தபடியே ஓடும். மூக்கில் மேட்டுத் தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் இல்லாமலும் இருந்தால் நோயாளி இதுதான். இலக்குக்குப் பின்னால் உள்ள மணல் குவியலில் இருந்து பொறுக்கி எடுத்த குண்டிலேயே இதைப் பார்க்கலாம். ஈயம் பட்ட கையோடு அப்படியே சாப்பிட உட்கார்ந்துவிடாதீர்கள்.

கிரீஸ் பற்றி நிறைய வாதம் உண்டு. குண்டைச் சுற்றிய பள்ளத்தில் பூசிய கிரீஸ் பறக்கும்போது சீராகச் சிதறாமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் சமநிலை கெடும் என்பார்கள். நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் அடி, கிண்ணம், குமிழி, பொருத்தம் நான்கையும் சரிசெய்யாமல் கிரீஸ் மாற்றிக்கொண்டிருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: எல்லாம் ஒரே சீராக, ஆனால் குறைவாக. காகிதத்தில் துளை லேசாக நீள்வட்டம்

சுழற்சி போதவில்லை. இங்கிலாந்தின் உல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரம் ஈயக் குண்டுக்கு இன்னும் நன்றாகவே உழைக்கிறது: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்குக் குழலில் எத்தனை அங்குலம் என்பது, அதாவது குழலின் முறுக்கு, வரும். எல்லாம் அங்குலத்தில்.

திருப்பிப் போட்டால், 12 அங்குல முறுக்கு உள்ள 30-30 ரைஃபிளில் (30-30, 30-06, 45-70 எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்) 1.19 அங்குலம் வரை நீளமுள்ள குண்டு கவிழாமல் போகும். 10 அங்குல முறுக்கு உள்ள 30-06-இல் 1.42 அங்குலம் வரை. அந்தக் காலத்து அமெரிக்க ராணுவ ரைஃபிளான டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு 45-70-க்கு முறுக்கு 22 அங்குலம், அதற்கும் கணக்கு ஏறத்தாழ 1.42 அங்குலத்தில்தான் வந்து நிற்கிறது. உங்கள் குண்டு இந்த எல்லையை ஒட்டி இருந்தால் விழாமல் போகும், ஆனால் சற்றே தள்ளாடிக்கொண்டு போகும், பி.சி. குறைவாகக் காட்டும். கனமான நீளக் குண்டின் பி.சி. கணக்குப்படி கூட வேண்டும், உங்கள் துப்பாக்கியில் கூடவில்லை என்றால் காரணம் இங்கே இருக்கலாம். அதே குண்டை வேகமான முறுக்குள்ள (ஒரு சுற்றுக்குக் குறைந்த அங்குலம்) நண்பரின் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். எண் ஏறினால் குண்டின் மேல் குற்றமில்லை.

குளிர்காலத்தில் இது மோசமாகும். கனமான காற்றில் குண்டைக் கவிழாமல் வைத்திருக்க அதிகச் சுழற்சி வேண்டும். கோடையில் நன்றாக இருந்தது ஜனவரியில் நீள்வட்டம் போடுகிறது என்றால் வியப்பில்லை.

அறிகுறி: ஈயக் கலவையை மாற்றினேன், பி.சி. குறைந்துவிட்டது

மூக்கு மாறவில்லை, எடை மாறிவிட்டது. லைமன் நம்பர் 2 கலவையில் ஈயம் 90, வெள்ளீயம் 5, ஆன்டிமனி 5. அச்சுக்கோக்கும் எந்திரத்திலிருந்து வந்த லைனோடைப்பில் ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4. ஆன்டிமனி லேசான உலோகம். முதல் கலவையில் 173 கிரெய்ன் வரும் அச்சு, லைனோடைப்பில் 166 கிரெய்னை ஒட்டித்தான் தரும். குறுக்குவெட்டு அடர்த்தி 4 சதவீதம் குறைவு, பி.சி.யும் அவ்வளவே குறைவு. அச்சில் குறித்த எடையைக் கணக்கில் போடாமல், வார்த்த குண்டைத் தராசில் வைத்துப் போடுங்கள்.

மாறாக, மென்மையான கலவைக்குப் போய் பி.சி. குறைந்தால் வேறு கதை. எடை கூடியும் எண் இறங்குகிறது என்றால், சுடும்போது வரும் அழுத்தத்தில் மூக்கு உள்ளே அமுங்கிக் குண்டு குட்டையாகிறது. நீங்கள் மேசையில் அளந்த மூக்கு குழல்வாயை விட்டு வெளியே வருவதில்லை. கேஸ் செக் இல்லாத குண்டாக இருந்தால், மேடுகள் உழுத ஈயம் அடிவிளிம்பில் பிசிறாகத் தொங்குவதும் உண்டு. அதுவும் தடைதான்.

அறிகுறி: வேகமாகச் சுட்டால் ஒரு பி.சி., மெதுவாகச் சுட்டால் வேறு

இது பிழையே இல்லை. உங்கள் குண்டின் தடை வளைகோடும் ஜி1 மாதிரியின் தடை வளைகோடும் ஒன்றல்ல. எங்கே பிரிகின்றனவோ அங்கே பி.சி. மாறும். ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் மிக அதிகம். 15 டிகிரியில் ஒலி வினாடிக்கு 1,116 அடி, 35 டிகிரியில் 1,154. வினாடிக்கு 1,250 அடியில் கிளம்பும் 45-70 குண்டு, இரண்டு கருவிகளுக்கு நடுவிலேயே அந்த எல்லைக்குள் நுழைந்துவிடும். வெயில் நாளில் எல்லை அதை எதிர்கொண்டு வரும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான்: இரண்டு குண்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வேகத்தில் கிளம்ப வேண்டும். 1,900-இல் சுட்ட ஒன்றையும் 1,400-இல் சுட்ட இன்னொன்றையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். ஜி7 மாதிரிக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஜி7 நீண்ட கூர்மூக்கும் படகுபோல் குறுகும் வாலும் உள்ள குண்டுக்கானது. தட்டை அடி, மழுங்கு மூக்குக் குண்டுக்கு அதைப் போடுவது பருத்த உடம்புக்கு மெலிந்தவர் சட்டையைப் போடுவதுதான்.

அறிகுறி: காகிதத்தில் ஒரு குண்டு ஜெயிக்கிறது, குரோனோகிராஃபில் மற்றது

குரோனோகிராஃபை நம்புங்கள். 200 கஜத்தில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து பி.சி. கண்டுபிடிப்பது கேட்க நன்றாக இருக்கும். நம் உதாரணக் குண்டு குழலின் கோட்டிலிருந்து 200 கஜத்தில் ஏறத்தாழ 25 அங்குலம் இறங்கும். பி.சி. 0.25-க்குப் பதில் 0.26 ஆக இருந்தால் வித்தியாசம் 0.3 அங்குலம். உங்கள் குண்டுகள் விழும் வட்டமே 4 அங்குலம் இருக்கும். கிளம்பும் வேகம் 20 அடி மாறினால் மட்டும் அரை அங்குலம் ஏறி இறங்கும். வைக்கோல் போரில் ஊசி தேடும் கதை.

காற்றில் ஒதுங்குவதை வைத்து அளப்பது இன்னும் மோசம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் அதே தூரத்தில் 10 அங்குலம் ஒதுங்கும், இரண்டு பி.சி.க்கும் இடையே 0.4 அங்குலம் வித்தியாசம். காற்று 9 மைலா 10 மைலா என்று நமக்குத் தெரியாது, அந்த ஒரு மைலுக்கே ஒரு அங்குலம் போய்விடும்.

அறிகுறி: தூரக் கருவி படிப்பதே இல்லை, அல்லது ஒரு கருவி கிறுக்குத்தனமாக 3,400 என்கிறது

படிக்கவில்லை என்றால் குண்டு ஜன்னலுக்கு வெளியே போகிறது. முன்னால் ஒரு காகிதத் தட்டி வைத்து எங்கே துளை விழுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கருவியை வையுங்கள். கிறுக்கு எண் அருகில் உள்ள கருவியில் வந்தால் அது குழல்வாய் வெடிப்பு அலை, இன்னும் சில அடி முன்னால் தள்ளுங்கள். கருவிக்குக் காவலாக எஃகுத் தகடு வைக்காதீர்கள், ஈயம் சிதறித் திரும்பி வரும். தடித்த மரக்கட்டை போதும்.

அறிகுறி: ஒன்று 0.25, மற்றது 0.26. எது ஜெயித்தது?

எத்தனை குண்டு சுட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தள்ளாடும் குண்டுகளை ஒழித்த பிறகும் இழப்பு எண்கள் 12 அடி அளவுக்குச் சிதறும் என்று வையுங்கள். பத்துச் சுட்டால் சராசரியில் உள்ள ஐயம் சுமார் 4 அடி. இரண்டு குண்டின் வித்தியாசத்தில் உள்ள ஐயம் ஐந்தரை அடி, அதாவது 280-இல் 2 சதவீதம். 4 சதவீத வித்தியாசம் என்பது அதைப்போல இரண்டு மடங்குதான். பத்துச் சுட்டவர் தயக்கத்தோடு 0.26 ஜெயித்தது என்று சொல்லலாம். மூன்று சுட்டவர் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

முதல் குண்டைப் பத்துச் சுட்டு முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்காதீர்கள். ஒன்று மாற்றி ஒன்று சுடுங்கள். அரை மணி நேரத்தில் வெயில் ஏறும், வெளிச்சம் மாறும், அந்த மாற்றம் முழுவதும் ஒரு குண்டின் தலையில் விழக் கூடாது.

என் இரண்டு அச்சுகளையும் போன மாதம் இப்படி மாற்றி மாற்றி இருபது இருபது சுட்டேன். வித்தியாசம் ஒன்றரை சதவீதம், ஐயமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு அச்சில் குண்டு தட்டாமலே கழன்று விழுகிறது, மற்றதைச் சுத்தியலால் நான்கு தட்டுத் தட்ட வேண்டும். முதலாவதை வைத்துக்கொண்டேன்.